கிரேஃபிஷ் மங்கினால் மருந்து வேண்டாம், டெஸ்ட் கிட் போதும்: ஏ.பி.ஐ. ஜி.ஹெச்.–கே.ஹெச். கிட் விமர்சனம்

தொட்டியில் வளர்க்கும் நீலக் கிரேஃபிஷ் (இறால் இனத்து நன்னீர் உயிரி) நாலு நாளாக மங்கிப்போய், இரை எடுக்காமல், பைப்புக்குள்ளேயே கிடந்தால் பெரும்பாலும் அது நோய் இல்லை. ஓடு கழற்றத் தயாராகிறது. அந்த நேரத்தில் வெண்புள்ளி மருந்தை ஊற்றுவதுதான் அதைக் கொல்லும்; மீனுக்கு விற்கும் பல மருந்துகளில் செம்பு இருக்கிறது, கிரேஃபிஷுக்கு அது நஞ்சு. மருந்துக்குப் போகும் காசுக்கு உருப்படியான மாற்று, ஏ.பி.ஐ. நிறுவனத்தின் ஜி.ஹெச்.–கே.ஹெச். திரவ டெஸ்ட் கிட். ஜி.ஹெச். என்பது தண்ணீரில் கரைந்த கால்சியம், மக்னீசியத்தின் அளவு; கே.ஹெச். என்பது கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு.

ஓடு கழற்றும் முன் கிரேஃபிஷ் தன் கால்சியத்தில் ஒரு பகுதியை வயிற்றில் இரண்டு வெள்ளைக் கற்களாகச் சேர்த்து வைக்கும். புது ஓட்டை இறுக்க அது மட்டும் போதாது. மிச்சத்தைத் தண்ணீரிலிருந்து செவுள் வழியாக இழுக்க வேண்டும். தண்ணீரில் இல்லையென்றால் ஓடு மெத்தென்றே நிற்கும், அல்லது பழைய ஓட்டிலிருந்து பாதி வெளிவந்த நிலையிலேயே செத்துப்போகும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றி வளர்ப்பவர்களின் தொட்டியில் இது அடிக்கடி நடக்கும்.

சோதனை எளிது. குழாயில் 5 மில்லி தொட்டித் தண்ணீர். ஜி.ஹெச். குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டு, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். ஆரஞ்சு நிறம் பச்சையாகும் வரை சொட்டுகளை எண்ணுங்கள். ஒரு சொட்டு ஒரு டிகிரி, அதாவது 17.9 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்). கே.ஹெச்.சில் நீலம் மஞ்சளாகும். முதல் சொட்டில் நிறம் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். வெள்ளைத் தாளின் மேல் குழாயை நிறுத்தி மேலிருந்து பாருங்கள். மென்னீர் என்றால் 10 மில்லி எடுத்தால் சொட்டுக்கு அரை டிகிரி, கணக்கு துல்லியமாகும்.

ஜி.ஹெச். 8 முதல் 12 வரை இருந்தால் நிம்மதி. 4க்குக் கீழே போனால் உடனே கவனியுங்கள். போர் தண்ணீரில் 15, 18 வந்தால் பதற வேண்டியதில்லை. 100 லிட்டருக்கு ஒரு டிகிரி ஜி.ஹெச். ஏற்ற 2.6 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். ஒரு டிகிரி கே.ஹெச்.சுக்கு 3 கிராம் ஆப்ப சோடா. சலவைச் சோடாவை எடுத்துவிடாதீர்கள். தனித்தனியாகக் கரைத்து, நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றாமல் விடுங்கள். கணவாய் ஓட்டுத் துண்டும் போடலாம், ஆனால் பி.ஹெச். ஏற்கெனவே உயர்ந்த தண்ணீரில் அது கல்லு மாதிரி கரையாமல் கிடக்கும்.

கிட்டின் பெரிய குறை, ஜி.ஹெச். கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்தே காட்டுவது. எண் 10 என்று வந்தும் கால்சியம் போதாமல் இருக்கலாம். செம்பு, அம்மோனியா, நைட்ரைட் எதையும் இது சொல்லாது. வாங்கும்போது குப்பியின் லாட் எண்ணில் கடைசி நாலு இலக்கங்களைப் பாருங்கள். தயாரித்த மாதமும் ஆண்டும் அதுதான். பழைய சரக்கு நிறைய சுற்றுகிறது.

நிறம் மாறுவதற்கெல்லாம் தண்ணீர் காரணமும் இல்லை. ஓட்டின் நீலம், அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி ஒரு புரதத்தோடு ஒட்டியதால் வருவது. அந்த நிறமி குறைந்த இரை தந்தால் சாயல் மாறும்; வெள்ளை மணலில் வெளிறும், கருமணலில் கறுக்கும். இது கிரேஃபிஷுக்குக் கேடில்லை, "கலர் கூட்டும்" உணவுக்கு அவசரமும் இல்லை. குழி விழுந்து அரித்த பழுப்பு, கறுப்புத் திட்டுகள் வேறு கதை: ஓட்டைத் தின்னும் பாக்டீரியா. வாரம் 20–25 சதவீதம் தண்ணீர் மாற்றி, அடி மண்ணின் அழுக்கை உறிஞ்சி எடுத்தால் அடுத்த ஓட்டுடன் பெரும்பாலும் போய்விடும். வாலைத் திருப்பினால் உள்சதை பீங்கான் மாதிரி வெளுத்துத் தெரிந்தால் ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. அந்தக் கிரேஃபிஷை உடனே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள், செத்தாலும் மற்றவை அதைத் தின்ன விடாதீர்கள்.

கழற்றிய ஓட்டை மட்டும் தொட்டியிலேயே விட்டுவிடுங்கள். கிரேஃபிஷே அதைத் தின்னும்.