கிலோமீட்டரைப் பார்த்து ஏமாந்த கதை: பழைய மின்சார கார் வாங்கப் போகிறவர்களுக்கு

நாலு வருடப் பழைய மின்சார கார். ஓடியது 19,000 கிலோமீட்டர்தான். ஒரே ஓனர், பெயின்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. பழைய கார்களை வாங்கி விற்கும் ஒருவரிடம் எடுத்தேன்.

இருபது வருடமாகப் பெட்ரோல் கார் ஓட்டுகிறவன் நான். பழைய வண்டி பார்க்கத் தெரியும் என்ற தெனாவட்டு வேறு. பானெட்டைத் திறந்தேன், குனிந்து அடிப்பகுதியைப் பார்த்தேன், டயர் தேய்மானம் பார்த்தேன். பெட்ரோல் வண்டி என்றால் சத்தம், புகை, ஆயில் கசிவு என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். இது சத்தமும் போடாது, புகையும் விடாது. விற்றவருக்கு அதுதான் வசதியாகப் போயிற்று.

“ஃபுல் சார்ஜில் 234 காட்டுகிறது, நீங்களே பாருங்கள்” என்றார். பார்த்தேன். நாலு வருட வண்டிக்கு இது போதுமே என்று கையெழுத்தும் போட்டேன்.

அந்த 234 எப்படி வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று திரையில் தெரிவது அளந்து சொல்வதல்ல, கணிப்பு. கடைசியாக எப்படி ஓட்டினோமோ அதை வைத்துப் போடும் கணக்கு. ஏசியை அணைத்து, நாலைந்து நாள் மெதுவாக உருட்டினாலே எண் ஏறிவிடும். நான் ஏசி போட்டு, நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனேன். 130 கிலோமீட்டர் தாண்டுவதற்குள் சார்ஜ் 10 விழுக்காட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த சார்ஜர்வரை ஏசியை அணைத்து, லாரிக்குப் பின்னால் ஊர்ந்தே போய்ச் சேர்ந்தேன்.

அப்புறம் ஒரு நண்பர், வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ள விவரங்களைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவியைச் செருகிப் பார்த்தார். பேட்டரியின் ஆரோக்கியம் 72 விழுக்காடு. 40 யூனிட் பேட்டரி என்று வாங்கியது, உண்மையில் 29 யூனிட்கூட இல்லை. பெட்ரோல் டேங்க் வயதானால் சுருங்காது, இது சுருங்கும். அதுவும் ஓடினால்தான் சுருங்கும் என்றில்லை. முழு சார்ஜில் மாதக்கணக்கில் வெயிலில் நிறுத்தி வைத்தாலே லித்தியம் பேட்டரி கிழடாகிவிடும். நான் பெருமையாக நினைத்த அந்தக் குறைந்த கிலோமீட்டருக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருந்திருக்கலாம்.

சரி, வாரண்டி இருக்கிறதே என்று போனேன். பல நிறுவனங்களைப் போல இதற்கும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். ஆனால் கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால்தான் மாற்றித் தருவார்களாம். என்னுடையது 72! விற்றவரோ, “பேட்டரி என்றால் குறையத்தானே செய்யும் சார், விசாரிக்காமலா வாங்கினீர்கள்?” என்கிறார்.

இதைக் கேட்ட பெட்ரோல் கட்சிக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். அவர்களோடு நான் சேரவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. என் வண்டியின் 29 யூனிட் என்பது மூன்றே கால் லிட்டருக்குச் சமம். அதை வைத்துக்கொண்டு 140 கிலோமீட்டர் போவதைப் பெட்ரோல் காரில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது, அங்கே பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. வண்டி நல்ல வண்டிதான். விற்ற ஆள்தான் சரியில்லை, பார்த்த விதமும் சரியில்லை.

வாங்கும் முன் ஓபிடி கருவியோடு போங்கள். சில மாடல்களில் அது காட்டும் ஆரோக்கிய அளவையே ரீசெட் செய்து ஏமாற்ற முடியும் என்பதால் அதோடு நிற்காதீர்கள். 20-லிருந்து 80 விழுக்காடுவரை உங்கள் கண்முன் சார்ஜ் ஏற்றச் சொல்லி, எத்தனை யூனிட் ஏறியது என்று சார்ஜரில் பாருங்கள். 40 யூனிட் பேட்டரி நன்றாக இருந்தால் குறைந்தது 24 ஏற வேண்டும், சார்ஜ் ஆகும்போது வீணாவது தனி. எனக்கு 19-இல் நின்றது. விற்கிறவர் நேரமில்லை என்று இழுத்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். பேட்டரியின் நிலையை விற்பனைத் தாளில் எழுத்தில் வாங்குங்கள். என் தாளில் “வண்டி நல்ல நிலையில் உள்ளது” என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. புகாரோடு அதைத்தான் இணைத்திருக்கிறேன்.