சனியின் வளையங்களும் யுரேனஸின் வளையங்களும்

வளையம் என்றதும் சனி நினைவுக்கு வருவது இயல்பே; ஆயினும் வியாழன், யுரேனஸ், நெப்டியூன் ஆகியவற்றுக்கும் வளையங்கள் உண்டு. அவற்றுள் சனியோடு ஒப்பிட மிகவும் சுவையானது யுரேனஸ் என்பது என் கருத்து.

சனியின் வளையங்களை 1610-இல் தொலைநோக்கியில் கண்ட கலிலியோ, அவை இன்னவென்று அறியாமல் குழம்பினார். கோளைத் தொடாமல் சூழ்ந்திருக்கும் மெல்லிய தட்டை வளையம் என்று 1659-இல் டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் விளக்கினார். யுரேனஸின் வளையங்களோ கண்ணுக்குப் புலப்பட்டுக் கண்டறியப்பட்டவை அல்ல. 1977 மார்ச் 10 அன்று அக்கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியால் அதை நோக்கிய அறிஞர்கள், மறைப்புக்கு முன்னும் பின்னும் விண்மீனின் ஒளி சில முறை மங்கி மீண்டதைக் கொண்டே வளையங்கள் இருப்பதை உய்த்துணர்ந்தனர்.

சனியின் வளையங்கள் பெரும்பாலும் நீர்ப் பனிக்கட்டியால் ஆனவை. அதனாலேயே அவை ஒளிர்கின்றன. யுரேனஸின் முதன்மை வளையங்கள் கரியைப் போல் இருண்டவை. அகலத்திலும் இரண்டுக்கும் பெருவேறுபாடு உண்டு: சனியின் பி வளையம் மட்டுமே ஏறத்தாழ 25,500 கிலோமீட்டர் அகலமானது, யுரேனஸின் எப்சிலான் வளையமோ 20 முதல் 96 கிலோமீட்டருக்குள் அடங்குகிறது. கார்டீலியா, ஒஃபீலியா என்னும் இரு சிறு நிலவுகள் இருபுறமும் நின்று, மந்தையைச் சிதறவிடாத மேய்ப்பர்களைப் போல, அதன் துகள்களை ஈர்ப்பால் கட்டுக்குள் வைக்கின்றன. சனியின் எஃப் வளையத்திலும் நிலவுகளின் இழுப்பு தெரிகிறது. ஆனால் அங்கு இத்தனை ஒழுங்கு இல்லை.

சனியின் அச்சு ஏறத்தாழ 27 பாகை சாய்ந்திருக்க, யுரேனஸ் 98 பாகை சாய்ந்து படுத்தே சுழல்வதால், அதன் வளையங்கள் சில காலங்களில் அம்பெய்யும் இலக்குப் பலகையின் வட்டங்களைப் போல நமக்குத் தோன்றுகின்றன.