ஃபிஜியில் சில மாதங்கள்: பிரிக்பீல்ட்ஸ் பயண முகவரின் சேவை பற்றி

நானும் என் கணவரும் பணி ஓய்வுக்குப் பிறகு பசிபிக் கடலிலுள்ள ஃபிஜித் தீவுகளில் சில மாதங்கள் தங்கிவிட்டுத் திரும்பியிருக்கிறோம். விமானச் சீட்டு முதல் வாடகை வீடு வரை எல்லா ஏற்பாடுகளையும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு சிறிய பயண முகவர் அலுவலகமே செய்து தந்தது. விமானம் ஏறும் வரை அவர்களுடைய வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அங்கே போய் இறங்கியபின் எங்களைச் சுற்றுலாப் பயணிகளாகவே நடத்தினார்களே தவிர, அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்த வந்தவர்களாக நினைக்கவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரிலிருந்து ஃபிஜிக்கு நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து சுமார் பத்து மணி நேரம் பறந்து நாடி நகரில் இறங்க வேண்டும். இரண்டு பயணங்களையும் தனித்தனியாக வாங்கினால் சற்று மலிவாக முடியும் என்பதை அவர்களே எடுத்துச் சொல்லி, அப்படிச் செய்தால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க நேரலாம் என்றும் எச்சரித்து, ஒரே சீட்டாகப் பதிந்து தந்தார்கள். மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே விசா தேவையில்லை. அங்கே இறங்கியதும் நான்கு மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கிறது. திரும்பி வருவதற்கான சீட்டைக் குடிநுழைவு அதிகாரி கேட்கக்கூடும் என்று அதன் அச்சுப்படியைத் தனி உறையில் போட்டுக் கொடுத்தார்கள்; அவரும் அதைத்தான் முதலில் கேட்டார்.

எப்போது போவது, எந்தப் பக்கம் தங்குவது என்பதிலும் அவர்களுடைய யோசனை சரியாகவே இருந்தது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே புயல் காலம். 2016 பிப்ரவரியில் வீசிய வின்ஸ்டன் புயலின் கடுமையை உள்ளூர் மக்கள் இன்றும் மறக்கவில்லை. ஆகவே மே மாதத்தில் புறப்படச் சொன்னார்கள். தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் மழையை விட்டி லெவு என்ற பெரிய தீவின் நடுவிலுள்ள மலைகள் தடுத்துவிடுவதால், தலைநகர் சுவா நனைந்துகொண்டிருக்கும் நாள்களில்கூட மேற்கிலுள்ள நாடியில் வெயில் அடிக்கும். துணி காயப்போடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. (ஆனால் அறுவடைக் காலத்தில் கரும்புத் தோட்டங்களைக் கொளுத்தும்போது பறந்து வரும் கரித்துகள் அதே துணிகளின்மேல் விழும் என்பதை அவர்கள் சொல்லவில்லை.)

மற்ற முகவர்கள் செய்வார்களா என்று நான் ஐயப்படும் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். கொண்டுபோகும் உணவுப் பொருள்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, முகவர் அலுவலகத்திலிருந்த அம்மையார் வரிவரியாகப் பார்த்தார். ஃபிஜியில் விதை, செடி, இறைச்சி, பால் பொருள்கள் ஆகியவற்றுக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. கறிவேப்பிலை, முழுக் கொத்தமல்லி, வெந்தயம் ஆகியவற்றைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, கடையில் முத்திரையிட்டு விற்கும் மசாலைத் தூளை மட்டும் விட்டுவைத்து, அதையும் அறிவிப்புப் படிவத்தில் கட்டாயம் எழுதச் சொன்னார். நாங்கள் எந்தத் தகராறும் இன்றி வெளியே வந்தோம்.

குறை வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. படங்களில் நீச்சல்குளமும் ஊஞ்சலும் இருந்தன. நேரில் அவை இருக்கவே செய்தன. ஆனால் சமையலறையில் ஒற்றை மின் அடுப்பும், ஒரு முட்டை பொரிக்க மட்டுமே உதவும் சட்டியும் தவிர வேறு எதுவுமில்லை. ஒரு வார விடுமுறைக்கு வருகிறவர்கள் இதைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். மாதக்கணக்கில் சோறு வடித்துச் சாப்பிட வேண்டியவர்களுக்கு இது போதாது. நாடிச் சந்தையில் கத்தரிக்காய், வெண்டைக்காய், பயற்றங்காய் எல்லாம் எடை போடாமல் கூறு கட்டி விற்கிறார்கள். சேப்பங்கிழங்கைத் தண்டோடு கட்டாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நல்ல சந்தை இருக்கும் ஊரில், அதற்குப் போகும் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து வெகு தொலைவில் வீடு பார்த்துக் கொடுத்தது யோசனையற்ற செயல். சன்னலுக்குக் கண்ணாடி இல்லாமல், மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிடும் அந்தப் பேருந்துகளில் நாங்கள் போன சமயம் காசு வாங்கவில்லை, கட்டண அட்டை கேட்டார்கள்; அந்தச் செய்தியும் எங்களுக்கு முன்னதாகத் தரப்படவில்லை.

வீட்டுக்காரர் தமிழ் பேசுவார் என்று உறுதியளித்திருந்தார்கள். அந்த அம்மாளின் முன்னோர் சென்னையிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் என்பது உண்மைதான். ஆனால் 1879இல் தொடங்கிய ஒப்பந்தக் கூலி முறையில் தென்னிந்தியர்கள் 1903 முதல்தான் சென்றார்கள். தோட்டங்களில் அதற்குள் இந்தி வேரூன்றிவிட்டிருந்ததால், அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் ஃபிஜி இந்தியிலேயே வளர்ந்தார்கள். நாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். அவர் அன்பானவர், அதில் குறையில்லை. மலேசியாவில் உள்ளதைப் போலவே அங்கும் தமிழ் ஒலிக்கும் என்று நினைப்பவர்களிடம் முகவர் இந்த வரலாற்றை முன்பே சொல்லியிருக்க வேண்டும். நாடி கடைத்தெருவின் தென்முனையில் வானவில் நிறங்களோடு எழுந்து நிற்கும் சிவசுப்பிரமணியர் கோயிலைப் பற்றியோ, சுவா மாரியம்மன் கோயில் தீமிதியைப் பற்றியோ அவர்களுடைய கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. பக்கம் பக்கமாகப் படகு உலாதான். கிராமங்களுக்குப் போகும்போது யங்கோனா (காவா பானம் தயாரிக்கும் செடி) வேர்க்கட்டு வாங்கிச் சென்று ஊர்த்தலைவரிடம் வைக்க வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும் என்ற இரண்டு குறிப்புகள் மட்டும் பயன்பட்டன.

தொலைபேசி உதவி இன்னொரு பிரச்சினை. ஃபிஜி நேரம் மலேசிய நேரத்துக்கு நான்கு மணி நேரம் முந்தியது. பிரிக்பீல்ட்ஸில் காலை பத்து மணிக்குக் கடை திறக்கும்போது அங்கே பிற்பகல் இரண்டு. ஒரு நாள் விடியற்காலையில் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. அவசர எண் என்று கொடுத்திருந்த எண்ணும் அதே அலுவலக மேசையில் இருக்கும் தொலைபேசிதான். குளிக்காமல் கொள்ளாமல் மதியம் வரை காத்திருந்து, கடைசியில் பக்கத்து வீட்டு இளைஞரை அழைத்துச் சரிசெய்துகொண்டோம். முன்பணத்தில் பழுதுக்கென்று எதையும் பிடிக்காமல் முழுமையாகத் திருப்பித் தந்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை விமானச் சீட்டையும் கடப்பிதழ் தொடர்பான வேலைகளையும் இவர்களிடமே கொடுப்போம். வீட்டை மட்டும் சந்தைக்கு நடந்து போகும் தூரத்தில் நாங்களே தேடிக்கொள்வோம். இவர்களிடம் போக நினைப்பவர்கள் காரைத் தவிர்த்து, கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துபோவது நல்லது. துன் சம்பந்தன் சாலைப் பகுதியில் மாலை நேரத்தில் காரை நிறுத்த இடம் கிடைப்பது அரிது.