சி-ஸ்பேன் காணொளிக் காப்பகம்: சென்னையில் இருந்து ஒரு மதிப்புரை

அமெரிக்க நாடாளுமன்றத்தில் நடக்கும் தேசியப் பாதுகாப்பு விவாதங்கள் சென்னையில் நம் கைக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் ஒரு நிமிடத் துணுக்குகளாகிவிடுகின்றன. ஒரு செனட்டர் குரலை உயர்த்துகிறார், ஓர் அதிகாரி தடுமாறுகிறார், அதன் மீது யாரோ ஒருவர் தம் கட்சிக்குச் சாதகமான தலைப்பை ஒட்டிப் பரப்புகிறார். கேள்விக்கு முன்பு என்ன பேசப்பட்டது, பதிலுக்குப் பிறகு என்ன நடந்தது, இறுதியில் யார் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்பவை துணுக்கில் இருப்பதில்லை. கல்லூரியில் அரசியல் அறிவியல் வகுப்பு எடுக்கும்போது மாணவர்கள் இத்தகைய துணுக்குகளை ஆதாரமாகக் காட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் சேவை சி-ஸ்பேன் நிறுவனத்தின் இணையக் காணொளிக் காப்பகம்தான்.

சி-ஸ்பேன் அரசு நிறுவனம் அன்று. கேபிள் தொலைக்காட்சி நிறுவனங்கள் பொதுச் சேவையாகத் தொடங்கிய, விளம்பரங்கள் குறுக்கிடாத ஒளிபரப்பு அது. 1979 மார்ச் 19 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவையின் நடவடிக்கைகளை முழுமையாக ஒளிபரப்பத் தொடங்கியது. மேலவையான செனட் 1986இல்தான் கேமராவை உள்ளே அனுமதித்தது. பதிவுகளை முறையாகச் சேமிக்கும் பணி இந்தியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1987இல் தொடங்கியது. இன்று 2 லட்சம் மணி நேரத்துக்கு மேற்பட்ட பதிவுகள் அங்கே உள்ளன, அவற்றைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஓர் உறுப்பினரின் பெயரைக் கொடுத்தால் அவர் தோன்றிய பதிவுகள் வரிசையாக வருகின்றன. பேச்சின் எழுத்து வடிவத்தில் ஒரு சொல்லைத் தேடி, அந்தச் சொல் உச்சரிக்கப்பட்ட நொடிக்கே சென்று சேரவும் முடிகிறது. கமலா ஹாரிஸின் பெயரைத் தேடும் சென்னை மாணவர் அவருடைய தேர்தல் மேடைகளோடு நின்றுவிட வேண்டியதில்லை. 2017 ஜூன் மாதம் செனட் புலனாய்வுக் குழுவில் அவர் அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸை அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டதையும், இவ்வளவு வேகமாகக் கேட்டால் தமக்குப் பதற்றமாக இருக்கிறது என்று செஷன்ஸ் சொன்னதையும் முன்பின் சூழலோடு பார்க்கலாம். அந்த உரையாடல் துணுக்காகப் பரவியபோது ஒரு கட்சியினர் அதை வீரம் என்று கொண்டாடினார்கள், மறு கட்சியினர் அவமரியாதை என்று கண்டித்தார்கள். முழு அமர்வைப் பார்ப்பவருக்குத் தாமே முடிவு செய்யும் வாய்ப்பு கிடைக்கிறது.

இந்தக் காப்பகத்தின் மதிப்பை எனக்கு மிகத் தெளிவாக உணர்த்தியது 2024 ஏப்ரல் 12 அன்று பிரதிநிதிகள் அவையில் நடந்த ஒரு வாக்கெடுப்பின் பதிவு. வெளிநாட்டுப் புலனாய்வுக் கண்காணிப்புச் சட்டத்தின் 702ஆம் பிரிவு, அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் அந்நியரின் தகவல் தொடர்புகளைத் தனித்தனியாக நீதிமன்றப் பிடியாணை பெறாமலேயே திரட்ட அமெரிக்க உளவு அமைப்புகளுக்கு அதிகாரம் தருகிறது. அப்படித் திரட்டும்போது, அந்த அந்நியரோடு பேசிய அமெரிக்கர்களின் செய்திகளும் சேர்ந்து சிக்குகின்றன. அவற்றை எஃப்.பி.ஐ. தேடிப் படிப்பதற்குமுன் நீதிமன்ற அனுமதி வேண்டுமா என்பதே அன்றைய கேள்வி. வேண்டும் என்ற திருத்தத்தை முன்னின்று கொண்டுவந்தவர் அரிசோனாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஆண்டி பிக்ஸ். அவரோடு சேர்ந்து நின்றவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்து சியாட்டிலில் இருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனநாயகக் கட்சி உறுப்பினர் பிரமிளா ஜெயபால். ஏறக்குறைய வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இருவர்.

வாக்கெடுப்பின்போது திரையில் ஒரு சிறு அட்டவணை தெரிகிறது. குடியரசுக் கட்சிக்கு ஒரு வரி, ஜனநாயகக் கட்சிக்கு ஒரு வரி, ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் தனித்தனிப் பத்திகள். எண்கள் ஏற ஏற நான்கு கட்டங்களும் சேர்ந்தே நிரம்புகின்றன. கடைசியில் ஆதரவு 212, எதிர்ப்பு 212. ஆதரித்தவர்களில் 128 பேர் குடியரசுக் கட்சி, 84 பேர் ஜனநாயகக் கட்சி. எதிர்த்தவர்களில் 86 பேர் குடியரசுக் கட்சி, 126 பேர் ஜனநாயகக் கட்சி. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த சபாநாயகர் மைக் ஜான்சனும் எதிர்த்தே வாக்களித்தார். சமநிலை என்றால் திருத்தம் தோற்றதாகவே பொருள் என்பதால் அது அங்கேயே வீழ்ந்தது. ஒரே ஒரு வாக்கு மாறியிருந்தால் திருத்தம் அந்த அவையில் நிறைவேறியிருக்கும். அமெரிக்காவில் எல்லாமே இரு கட்சிச் சண்டைதான் என்று நம்பும் எவரும் அந்த நான்கு கட்டங்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

நம் மாணவர்களுக்கு இது எளிதில் புரிவதில்லை என்பதற்குக் காரணம் உண்டு. நம் நாடாளுமன்றத்தில் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால், 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி உறுப்பினர் பதவியே போகலாம். “சார், தலைமை சொன்னதற்கு எதிராக வாக்களித்துவிட்டு அவர் எப்படி அடுத்த நாளும் எம்.பி.யாக இருக்கிறார்?” என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. அமெரிக்காவிலும் கொறடா இருக்கிறார், ஆனால் அவரால் பதவியைப் பறிக்க முடியாது. வற்புறுத்தலாம், குழு இடங்களைக் காட்டி ஆசை காட்டலாம், அடுத்த தேர்தலை நினைவூட்டலாம். இந்த வேறுபாட்டைப் பாடமாகச் சொல்லிப் புரிய வைப்பதைவிட, அந்தப் பதிவின் கடைசிப் பதினைந்து நிமிடங்களைக் காட்டிப் புரிய வைப்பது எனக்கு எளிதாக இருந்தது.

அதே விவாதத்தில் என்னை உறுத்திய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 702ஆம் பிரிவு குறிவைக்கும் அந்நியர் என்போர் நாம்தான். சோழிங்கநல்லூரில் அலுவலகத்தில் அமர்ந்து அமெரிக்க மின்னஞ்சல் சேவையைப் பயன்படுத்துபவரும், ஹூஸ்டனில் இருக்கும் மகனோடு மயிலாப்பூரில் இருந்து பேசும் தாயும் அந்தச் சட்டத்தின் பார்வையில் அமெரிக்கர் அல்லாதவர்கள். இரு பக்கமும் அவ்வளவு கடுமையாக மோதிக்கொண்ட அந்த வாக்கெடுப்பில் தராசில் வைக்கப்பட்டது அமெரிக்கரின் அந்தரங்கம் மட்டுமே. கட்சிகள் முரண்படும் இடத்தைச் செய்திகள் நமக்குச் சொல்லிவிடும். முரண்படாமல் கடந்து செல்லும் இடத்தை அறிய முழுப் பதிவையும் கேட்டாக வேண்டியிருக்கிறது.

குழு விசாரணைகளின் பதிவுகளே இந்தக் காப்பகத்தின் மிகச் சிறந்த பகுதி என்பது என் எண்ணம். 2013 மார்ச் 12 அன்று செனட் புலனாய்வுக் குழுவில் ஓரிகன் மாநிலச் செனட்டர் ரான் வைடன், தேசியப் புலனாய்வு இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பரிடம் கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றிய எந்த வகைத் தரவையாவது தேசியப் பாதுகாப்பு முகமை திரட்டுகிறதா என்று கேட்கிறார். கிளாப்பர் கையை நெற்றிக்குக் கொண்டுபோய், தலையைத் தாழ்த்தியபடி, இல்லை என்கிறார். தெரிந்தே செய்வதில்லை என்று சேர்த்துக்கொள்கிறார். அதே ஆண்டு ஜூனில் அந்த முகமையின் ஒப்பந்தப் பணியாளராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள் அந்தப் பதிலைப் பொய்யாக்கின. அது பிழையான பதில் என்று கிளாப்பர் பின்னர் குழுவுக்குக் கடிதம் எழுதினார். கேட்டவர் ஜனநாயகக் கட்சிக்காரர், பதில் சொன்னவர் ஜனநாயகக் கட்சி அதிபர் ஒபாமா நியமித்தவர். அந்த ஜூலையில் தொலைபேசித் தரவு திரட்டலைக் கட்டுப்படுத்தும் திருத்தம் பிரதிநிதிகள் அவைக்கு வந்தபோது 205க்கு 217 என்று தோற்றது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த சபாநாயகர் ஜான் போனரும் அவருக்கு எதிரணியில் இருந்த நான்சி பெலோசியும் ஒரே பக்கம் நின்று அதை எதிர்த்தார்கள்.

இதனால் கட்சி வேறுபாடு வெறும் தோற்றம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பதிலடியாகப் படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தரும் தீர்மானம் 2001 செப்டம்பர் 14 அன்று பிரதிநிதிகள் அவையில் 420க்கு 1 என நிறைவேறியது. எதிர்த்த ஒரே உறுப்பினர் பார்பரா லீ குரல் தழுதழுக்கப் பேசிய அந்தச் சிறிய உரை காப்பகத்தில் இருக்கிறது, அதைப் பார்க்காமல் விடக் கூடாது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஈராக் மீது படைபலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் தீர்மானம் வந்தபோதே அந்த ஒற்றுமை கலைந்துவிட்டது. குடியரசுக் கட்சியில் 6 பேர் மட்டும் எதிர்க்க, ஜனநாயகக் கட்சியில் 126 பேர் எதிர்த்தார்கள், 81 பேர் ஆதரித்தார்கள். 2024 ஏப்ரல் 20 அன்று உக்ரைன் நிதியுதவிக்கு எதிராக விழுந்த 112 வாக்குகளும் குடியரசுக் கட்சியினுடையவை. போருக்கு முன்னின்ற கட்சியே இரண்டு பத்தாண்டுகளில் எப்படிப் பிளவுபட்டது என்பதை இந்தப் பதிவுகளை அடுத்தடுத்துப் பார்த்தால் பேச்சின் தொனியிலேயே உணரலாம்.

குறைகளும் உண்டு, அவற்றில் முக்கியமானது நிறுவனத்தின் கையில் இல்லை. அவையின் கேமராக்களை இயக்குவது அவையே. சி-ஸ்பேன் அந்த ஒளியோட்டத்தைப் பெற்று ஒளிபரப்புகிறது, அவ்வளவுதான். 1984இல் குடியரசுக் கட்சி உறுப்பினர் நியூட் கிங்ரிச்சும் அவருடைய சகாக்களும் ஜனநாயகக் கட்சியினர் கம்யூனிசத்திடம் மென்மையாக நடந்துகொள்கிறார்கள் என்று ஆளில்லாத அவையில் பேசிவந்தார்கள். கேமரா பேசுபவரை மட்டும் காட்டியதால் பார்வையாளருக்கு அது பதிலற்ற குற்றச்சாட்டாகத் தெரிந்தது. காலி இருக்கைகளையும் காட்டுமாறு சபாநாயகர் டிப் ஓநீல் உத்தரவிட்டார். அதைத் தொடர்ந்த மோதலில் கிங்ரிச்சைச் சாடி ஓநீல் சொன்ன சொற்கள் அவை விதிகளுக்கு முரணானவை என அறிவிக்கப்பட்டன. ஆகவே ஓர் உரையைப் பார்க்கும்போது அவையில் யார் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். புலனாய்வுக் குழுக்களின் பல அமர்வுகள் மூடிய அறைக்குள் நடப்பதால் மிக முக்கியமான வாதங்கள் பதிவாவதே இல்லை. எழுத்து வடிவமும் பிழை திருத்தப்படாத வசன வரிகளில் இருந்து எடுக்கப்படுவது. மேற்கோள் காட்டுபவர்கள் காதால் கேட்டு உறுதி செய்த பிறகே காட்ட வேண்டும்.

சென்னையில் இருந்து பயன்படுத்துவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். தொலைக்காட்சி அலைவரிசையை நேரலையில் பார்க்க அமெரிக்கக் கேபிள் சந்தா கேட்கும். காப்பகத்துக்கு அது தேவையில்லை. வாஷிங்டன் நேரப்படி காலை 7 மணிக்குத் தொடங்கும் ‘வாஷிங்டன் ஜர்னல்’ நிகழ்ச்சி நமக்குக் கோடைக்காலத்தில் மாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. பொதுமக்கள் தொலைபேசியில் பேசும் அந்த நிகழ்ச்சியில் பெரும்பாலும் குடியரசுக் கட்சியினருக்கும் ஜனநாயகக் கட்சியினருக்கும் கட்சி சாராதவர்களுக்கும் தனித்தனி எண்கள் தரப்படுகின்றன. சாதாரண வாக்காளர் பாதுகாப்பைப் பற்றி எந்தச் சொற்களில் யோசிக்கிறார் என்பதை அறிய அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களும் பன்னாட்டு உறவுகள் பயில்பவர்களும் முதலில் கிளாப்பர் விசாரணையை முழுவதுமாகப் பார்த்துவிட்டு, பிறகு 2024 வாக்கெடுப்புக்கு வருவது நல்லது. செய்தித் தலைப்புக்கு ஒரு வரி தேடுபவர்களுக்கு இந்தச் சேவை ஒத்துவராது, ஏனெனில் பல விசாரணைகள் இரண்டு மூன்று மணி நேரம் நீள்கின்றன.