எயார் ரைபிள் சர்விஸுக்குக் கொடுக்கப்போறவங்க கவனத்துக்கு

ஸ்பிரிங் எயார் ரைபிள் வைத்திருப்பவர்கள், முக்கியமாக பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் திருத்தக் கொடுக்க நினைப்பவர்கள், இதை வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. வேலையைப் பார்த்தாலே ஆளைத் தெரியும்.

என்னுடையது குழாயை மடக்கி லோட் பண்ணும் 5.5 மில்லிமீற்றர் ரைபிள். கிழங்கு ஸ்டோரில் எலி அடிக்கத்தான் எடுத்தேன். குண்டின் வேகம் குறைந்ததும் அந்தக் கடைக்காரரிடம் கொடுத்தேன். "புது ஸ்பிரிங், புது சீல், ஃபுல் சர்விஸ்" என்று ஒன்பதாயிரம் ரூபா வாங்கினார். பில் கேட்டதற்கு, "நமக்குள்ள எதுக்கு தம்பி பில்லு?" என்றார்.

திருப்பி எடுக்கப் போனபோது, குண்டு போடாமலேயே திரும்பத் திரும்ப அடித்துக் காட்டினார். ஸ்பிரிங் ரைபிளுக்கு இது பெரிய கெடுதல். குண்டு இருந்தால்தான் அதற்குப் பின்னால் காற்று அழுந்தி, ஸ்பிரிங் தள்ளப் பாய்ந்து வரும் பிஸ்டனுக்கு மெத்தை மாதிரி நிற்கும். இல்லாவிட்டால் பிஸ்டன் நேரே சிலிண்டர் முகப்பில் போய் இடிக்கும்.

வீட்டில் குண்டு போட்டு அடித்தால் காது அடைக்கிற சத்தம். குழாய் வாயில் புகை, கருகின எண்ணெய் வாடை. போன் எடுத்துச் சொன்னால், "அதுதான் தம்பி பவரு! இனி பன்றியே விழும்" என்கிறார். அது ரைபிளின் சொந்தப் பவர் இல்லை. சிலிண்டருக்குள் அவர் ஊற்றிய எண்ணெய், காற்று அழுந்தும் சூட்டில் பற்றி வெடிக்கிறது. அப்படி வெடிக்க வெடிக்க, பிஸ்டன் முனையில் காற்றுக் கசியாமல் அடைத்து நிற்கும் சீலும் ஸ்பிரிங்கும் நாசமாகும்.

அந்தப் பன்றிக் கதையைத் தயவுசெய்து யாரும் நம்ப வேண்டாம். நல்ல நிலையில் உள்ள ஸ்பிரிங் ரைபிளின் சக்தியே பெரும்பாலும் 16 யூல் சுற்றித்தான். அது எலி அளவுப் பிராணிக்கு, அதுவும் கிட்டத்தில் தலையில் பட்டால் போதும். பன்றிக்குக் காயம்தான் மிஞ்சும். காயம்பட்ட பன்றி தேயிலைக்குள் படுத்திருந்தால், காலையில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்களின் கதி என்ன? வியாபாரத்துக்காக இப்படிப் பேசுகிறவரை எப்படி மன்னிக்கிறது?

கொஞ்ச நாளில் வேகம் முன்பைவிடக் குறைந்தது. அடிபட்ட எலி சாகாமல் மூட்டைக்குள் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்ததும் ரைபிளைத் தூக்கி வைத்துவிட்டேன். லேத் வேலை தெரிந்த மச்சான் கழற்றினார். சீலின் விளிம்பு கருகி வெடித்திருந்தது. உள்ளே அதே பழைய ஸ்பிரிங், நடுவில் வளைந்துபோய். நீளம் காட்டுவதற்காக அதன் அடியில் துருப்பிடித்த வாஷர்கள்!

காசு கேட்டுப் போனால், "பில் இருக்கா?" என்கிறார்.

எங்கே கொடுத்தாலும் கழற்றின பழைய ஸ்பிரிங்கையும் சீலையும் கையில் வாங்குங்கள். கொடுக்க முன்னும் எடுத்த பின்னும், ஒரே தூரத்தில், ஒரே வகைக் குண்டால், ஒரே மாதிரி சவர்க்காரக் கட்டியில் அடித்து ஆழத்தை அளந்து பாருங்கள். புகை வந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள், காசு கொடுக்க முன்னமே.