எம்1 கேரண்ட் துப்பாக்கி வாங்குவதற்கு முன் மரக்கட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

டெக்சாஸில் கன் ஷோவுக்கு, அதாவது துப்பாக்கிச் சந்தைக்குப் போய்ப் பழைய ராணுவத் துப்பாக்கி வாங்க நினைக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். இரண்டாக வெட்டிக் கழித்துப்போட்ட ஒரு துப்பாக்கியை ஒட்டி, "1944 ஒரிஜினல், யாரும் கை வைக்காதது" என்று சீட்டு மாட்டி, 1,850 டாலருக்கு என் தலையில் கட்டிவிட்டார் ஒரு டீலர். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அதைச் சுட்டபோது தோட்டாவின் பித்தளைக் கூடு உள்ளேயே இரண்டாகக் கிழிந்து, சூடான புகை முகத்தில் அடித்தது. பாதுகாப்புக் கண்ணாடி இருந்ததால் கண் தப்பியது.

துப்பாக்கி எம்1 கேரண்ட். மாசசூசெட்ஸில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்ட் அரசு ஆலையில் ஜான் கேரண்ட் வடிவமைத்தது. 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. எட்டுத் தோட்டா கொண்ட கிளிப்பை மேலிருந்து அழுத்தினால் போதும், ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரு குண்டு. கடைசிக் குண்டு போனதும் காலி கிளிப் "டிங்" என்று வெளியே துள்ளும். இரண்டாம் உலகப் போரிலும் கொரியாவிலும் சிப்பாய்கள் தூக்கிச் சுமந்த துப்பாக்கி என்பதால் இதன் மேல் ஆசைப்படுபவர்கள் அதிகம். சுமார் 54 லட்சம் தயாரானது. அந்த ஆசைதான் ஏமாற்றுபவர்களுக்கு மூலதனம்.

ராணுவம் கழித்துக்கட்டியபோது ஏராளமான கேரண்ட்களின் ரிசீவரை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கிற போல்ட் ஓடுகிற, குழல் திருகி நிற்கிற அந்த நடு உடம்பை, குறுக்கே வெட்டி இரும்புக் கழிவாக விற்றார்கள். அதை வாங்கிய சிலர் ஏதோ ஒரு முன்பாதியையும் ஏதோ ஒரு பின்பாதியையும் வெல்டிங் செய்து, அரைத்து, மேலே பழைய சாம்பல் நிறப் பூச்சு கொடுத்து மறுபடி துப்பாக்கியாக்கினார்கள். 1950, 60களில் இது ஒரு தொழிலாகவே நடந்தது. நன்றாகச் செய்தவை இன்றும் ஓடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். வெல்டிங் செய்தது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் அதில் தவறு எதுவும் இல்லை. மறைத்து விற்பதுதான் அயோக்கியத்தனம்.

கன் ஷோவில் எல்லாத் துப்பாக்கியின் போல்ட்டையும் பின்னால் இழுத்து பிளாஸ்டிக் பட்டியால் கட்டியிருப்பார்கள். பாதுகாப்பு விதி அது, நல்ல விதி. துப்பாக்கியின் மரக்கட்டையைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும் என்று நான் கேட்டபோது டீலர் அந்த விதியையே கேடயமாகப் பிடித்தார். "பட்டியை அறுத்தால் என்னை மண்டபத்தை விட்டு அனுப்பிவிடுவார்கள். எண்பது வருஷமாகக் கழற்றாத கட்டை, கழற்றினால் அதன் மதிப்பே போய்விடும்" என்றார். ரிசீவரின் பின்பக்கம் இருந்த வரிசை எண்ணைக் காட்டினார். முப்பது லட்சத்தைத் தாண்டிய எண், 1944க்குச் சரியாகப் பொருந்தியது. கட்டையில் அந்தக் காலத்து ஆய்வாளர் முத்திரையும் இருந்தது. அவர் லைசென்ஸ் உள்ள டீலர், மத்திய அரசின் 4473 படிவம், பின்னணிச் சோதனை எல்லாம் முறைப்படி நடந்தது. அந்தச் சோதனை வாங்குபவரைப் பற்றியது மட்டுமே. துப்பாக்கி எப்படிப்பட்டது என்று அதில் யாரும் பார்ப்பதில்லை.

கூடவே கிளிப்பில் போட்ட பழைய தோட்டா ஒரு பை கொடுத்தார். "துரு பிடிக்க வைக்காத ரகம், தாராளமாகச் சுடுங்கள்" என்றார். வீட்டில் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், எஸ்.எல். 43 என்று இருந்தது. செயின்ட் லூயிஸ் ஆலை, 1943. இந்தத் துப்பாக்கி சுடும் .30-06 ரகத்தின் போர்க்கால ராணுவத் தோட்டாக்களில் பிரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடி, எல்லாமே சுட்ட பின் குழலில் உப்பை விட்டுப் போகும். உப்பு ஈரத்தை இழுக்கும். இங்கே இருக்கிற புழுக்கத்தில் மறுநாளே குழல் சிவந்துவிடும். வெறும் எண்ணெய் போட்டால் உப்பு கரையாது. வெந்நீர் விட்டுக் கழுவித் துடைத்து, அப்புறம்தான் எண்ணெய். பல வருஷமாக இதையே விற்கும் ஒருவருக்கு அந்த எழுத்தின் அர்த்தம் தெரியாது என்பதை நான் நம்பவில்லை.

அந்தப் பையை ஒதுக்கிவிட்டு, பெட்டியிலேயே கேரண்டுக்கானது என்று அச்சிட்ட புதுத் தோட்டாவைத்தான் ரேஞ்சுக்கு, சுடும் திடலுக்குக் கொண்டுபோனேன். கடையில் கிடைக்கும் கனமான வேட்டைத் தோட்டாக்கள் இந்தத் துப்பாக்கியில் போல்ட்டை ஓட்டும் இயக்கத் தண்டை வளைத்துவிடலாம், அதற்காகத்தான் இந்தத் தனி ரகம். முதலில் சில குண்டுகள் ஒழுங்காகப் போயின. அப்புறம் சத்தமே வேறு மாதிரி கேட்டது, புகை வந்தது, போல்ட் பாதியில் நின்றது. கூட்டின் அடிப்பகுதி மட்டும் வெளியே வந்து விழுந்தது. மீதி குழலுக்குள் சிக்கிக்கொண்டது. ஏற்கெனவே சுட்ட கூடுகளைப் பொறுக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து அரை அங்குலத்துக்குள் சுற்றிலும் பளபளவென்று ஒரு வளையம். ஒரு கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டுத் தடவினால் அதே இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டது. பித்தளை இழுபட்டு மெலிந்து, கிழியத் தயாராக இருந்த இடம் அது.

துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். வயதானவர், கேரண்டிலேயே ஊறியவர். முதலில் ஹெட்ஸ்பேஸ் அளந்தார். மூடிய போல்ட்டின் முகத்திலிருந்து, உள்ளே தோட்டாவின் தோள் போய் முட்டும் இடம் வரை உள்ள நீளம்தான் அந்த அளவு; அது கூடினால் தோட்டாவுக்குப் பின்னால் இடம் விட்டுப்போகும். .30-06க்குக் குறைந்தபட்சம் 1.940 அங்குலம், 1.950ஐத் தாண்டினால் சுடவே கூடாது. இடையில் இருப்பது கால் மில்லிமீட்டர்தான். 1.950 நீளமுள்ள அளவுத் துண்டை (கேஜ்) போட்டும் போல்ட் தடையே இல்லாமல் மூடியது. "இதை இனிமேல் சுடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுக் கட்டையைக் கழற்றினார். விசைக் காப்பை இழுத்தால் கேரண்ட் மூன்று பகுதியாகப் பிரிந்துவிடும். ஸ்குரூடிரைவர்கூடத் தேவையில்லை, ஒரு நிமிஷம் ஆகாது. கட்டைக்கு எந்தச் சேதமும் இல்லை.

உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். வெளிப்பக்கம் வழவழப்பாக அரைத்திருந்தவர்கள் உள்பக்கம் மெனக்கெடவில்லை. பிசிறு பிசிறாக வெல்டிங் வரி ஓடியது. வரிக்கு இந்தப் பக்கம் பூச்சு பச்சை கலந்த சாம்பல், அந்தப் பக்கம் கறுப்பு. ரிசீவரின் முன்பக்க வலது காலில் வரைபட எண் பொறித்திருக்கும், கட்டையைக் கழற்றினால்தான் தெரியும். போர்க்காலத்தில் செய்தது என்றால் அது டி28291 என்று தொடங்க வேண்டும். என்னுடையதில் எஃப்6528291. அது 1950களில் வந்த எண். ஆக, பின்பாதி 1944, முன்பாதி கொரியப் போர்க் காலத்தது. கட்டையில் இருந்த முத்திரையின் ஓரமும் கூர்மையாக இருந்தது, மரத்தின் மற்ற தழும்புகளுக்கு மேலேயே குத்தியிருந்தார்கள். அதுவும் புதுசு.

குழல் மட்டும் பிற்காலத்தது என்றால் நான் சண்டைக்குப் போயிருக்க மாட்டேன். ராணுவமே போருக்குப் பின் லட்சக்கணக்கில் பழுதுபார்த்துக் குழல் மாற்றியிருக்கிறது. போல்ட்டை இழுத்துப் பிடித்தால் குழலின் வலப்பக்கம் மாதமும் வருஷமும் தெரியும்; அது பிந்தையதாக இருப்பது சகஜம், நியாயமானதும்கூட. ரிசீவர் விஷயம் வேறு. வெடியின் அழுத்தம் முழுவதையும் தாங்கிப்பிடிப்பது அதுதான்.

டீலரிடம் போனேன். "நீங்கள் சுட்டுவிட்டீர்கள், ரசீதில் உள்ளது உள்ளபடி என்று போட்டிருக்கிறது" என்றார். பின்னர், பழைய தோட்டாவால் வந்த வினை என்றார். புதுப் பெட்டியையும் கிழிந்த கூட்டையும் மேசையில் வைத்த பிறகு பேச்சே இல்லை. ஆனால் வாங்கும் முன்பே அவர் மாட்டியிருந்த சீட்டைப் படம் எடுத்து வைத்திருந்தேன். இதை எல்லோரும் செய்யுங்கள். வாயால் சொன்னது நிற்காது, சீட்டில் எழுதியது நிற்கும்.

கட்டையைக் கழற்றிக் காட்ட மறுத்தால் அந்த மேசையை விட்டு நகருங்கள். அரங்கப் பொறுப்பாளர் முன்னிலையில் பட்டியை அவிழ்த்துக் காட்டலாம், மனம் இருந்தால் வழி உண்டு. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இன்னும் நல்ல இடம் சி.எம்.பி., அதாவது சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு. ராணுவத்திடமிருந்து வாங்கி, பரிசோதித்து, தேய்மானத்தை அளந்து, தரம் பிரித்து விற்கிறார்கள். அலபாமாவில் ஆனிஸ்டனில் கடையே இருக்கிறது. இணைந்த கிளப் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் டீலரிடம் வாங்கலாம். எச்1பி விசாவில் இருக்கும் தம்பிமார்கள் கவனம்: வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கியை வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம்.

டெக்சாஸில் ஏமாற்று வணிகத்துக்கு எதிராகத் தனிச் சட்டம் இருக்கிறது. பொய் சொல்லி விற்றவரை "உள்ளது உள்ளபடி" என்ற வரி காப்பாற்றிவிடாது. வழக்குக்கு 60 நாள் முன்பு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டேன். சிறு வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரை கேட்கலாம். மெக்கானிக் எழுதிக்கொடுத்த அறிக்கை, கூடு, படங்கள் எல்லாம் கையில் உள்ளன. துப்பாக்கி போல்ட் இல்லாமல் பெட்டியில் இருக்கிறது. தீர்ப்பு எப்படி வந்தாலும் அதை இன்னொருவருக்கு விற்கப்போவதில்லை.