கதேயின் சிந்தனைகள்: எழுதியவையா, பேசியவையா?

உலகையும் மனித இயல்பையும் பற்றி ஜெர்மானியக் கவிஞர் கதே எண்ணியவற்றை அறிய இரு வழிகள் உண்டு: அவரே எழுதிய துணுக்குகளைக் கொண்ட ‘பொன்மொழிகளும் சிந்தனைகளும்’ என்னும் தொகுப்பு, முதுமையில் அவருக்கு உதவியாளராக இருந்த எக்கர்மன் பதிவுசெய்த ‘கதேயுடன் உரையாடல்கள்’.

முன்னதில் உள்ளவை, பிறரிடமிருந்து எடுத்தெழுதிய சில நீங்கலாக, கதேயின் சொற்களே. ஆயினும் 1907இல் ஹெக்கர் பதிப்பித்தபோது 1,413 துணுக்குகளாக விரிந்த அந்நூலை ஒரே மூச்சில் படித்தால் திகட்டிவிடும். எந்தச் சூழலில், எவரை மனத்தில் வைத்து எழுதினார் என்பதும் பெரும்பாலும் புலப்படாது.

உரையாடல்களிலோ மனிதரே எதிரில் அமர்ந்து பேசுகிறார். 1827 ஜனவரி 31 அன்று, தாம் படித்துவந்த சீன நாவல் ஒன்றைக் கதே குறிப்பிட, அது மிகவும் விசித்திரமாக இருக்குமே என்கிறார் எக்கர்மன். நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை, அம்மனிதர்களும் ஏறக்குறைய நம்மைப் போலவே எண்ணுகிறார்கள், செயல்படுகிறார்கள், உணர்கிறார்கள் என்று பதிலளிக்கும் கதே, அங்கிருந்து உலக இலக்கியம் என்னும் கருத்துக்கே வந்துசேர்கிறார். ஒரு சிந்தனை பிறக்கும் விதத்தைத் துணுக்குகள் இவ்வாறு காட்டுவதில்லை.

கதே 1832இல் மறைந்த பின்னர், 1836இலும் 1848இலும் வெளிவந்த இப்பதிவுகள் குறிப்புகளையும் நினைவையும் நம்பியவை. ஆகவே மேற்கோள் காட்ட விரும்புவோர் துணுக்குகளையே நாடுவது நல்லது. முதன்முறை படிப்பவருக்கு (எக்கர்மனின் அளவுகடந்த பக்தியைச் சற்றே பொறுத்துக்கொண்டால்) உரையாடல்களையே பரிந்துரைப்பேன்.